இட்லிக் குண்டானில் வெந்த பட்டுப் புடவை

போன வாரம் மலர்விழி போன் செய்தாள். செஞ்சியில் நான் வேலை பார்த்த மகளிர் பயிற்சி மையத்தில், நான் ஓய்வு பெற்ற பிறகு பட்டு ஓவியமும் துணிக்குச் சாயமிடுவதும் சொல்லித் தருகிறவள் அவள்தான். எடுத்த எடுப்பிலேயே, "மேடம், புது ஸ்டீமர் வந்துடுச்சு. பழைய இட்லிக் குண்டான எடைக்குப் போட்டுடட்டுமா?" என்றாள்.

"தாராளமா போடும்மா. அடியில ஓட்டை வேற இருக்குது" என்றேன்.

அவளுக்குச் சப்பென்று போய்விட்டது. நான் கண் கலங்குவேன் என்று எதிர்பார்த்திருப்பாள் போல. "அதுலதானே மேடம் இத்தன வருசம் துணி அவிச்சீங்க? அதப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன், புது பேட்ச்சுக்குப் படிச்சுக் காட்டறேன்" என்றாள்.

இரண்டு பக்கமாம்! வாயைத் திறந்தால் நான் இரண்டு பக்கத்தில் நிறுத்துகிற ஆளா? எங்கள் வீட்டுக்காரரைக் கேட்டால் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன். அந்தக் குண்டானை வைத்துக்கொண்டு நான் செய்த சாதனைகளைப் பற்றி மலர்விழியே நிறையச் சொல்லியிருப்பாள். நான் செய்த ஒரு பெரிய தப்பு அவளுக்குத் தெரியாது. புதிதாக வந்திருக்கிற பெண்களுக்கு அதுதான் பிரயோஜனப்படும்.

நான் வல்லத்தில் பிறந்து செஞ்சியில் வாழ்க்கைப்பட்டவள். படிப்பு பத்தாவது. தையல் கொஞ்சம் வரும். முப்பத்தொரு வயதில், பிள்ளைகள் இருவரையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, மையத்தின் முதல் வகுப்பில் போய் உட்கார்ந்தேன். 'சில்க் பெயிண்டிங்' என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் வீட்டுக்காரர், "ஏன் ரஞ்சிதம், பட்டுக்கு ஒரு கோட் அடிப்பாங்களா, ரெண்டு கோட் அடிப்பாங்களா?" என்று கேட்டார். ஒரு மாதம் கழித்து நான் வரைந்த கைக்குட்டையைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டார் என்று எழுத ஆசைதான். உண்மையில் அதைப் பார்த்துவிட்டு, "இது கோழியா, மாங்காயா?" என்றார். மயில் அது.

எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர் திலகவதி மேடம். மேடம் என்றதும் நரைத்த தலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். என்னைவிட ஆறு வயது சின்னவர். ஒல்லியாக, மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கல்லூரிப் பெண் மாதிரி இருப்பார். எங்கள் எல்லோரையும் 'அக்கா' என்றுதான் கூப்பிடுவார். அவர் குரலை உயர்த்தி நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவரிடம் இருந்த ஆயுதம் ஒரே ஒரு சொல்: "மறுபடியும்." கோடு கோணலாகப் போனால், "மறுபடியும் அக்கா." சாயம் திட்டுத்திட்டாக ஏறினால், "மறுபடியும் அக்கா." திட்டினால்கூடப் பதிலுக்குத் திட்டிவிட்டுப் போகலாம். சிரித்த முகத்தோடு 'மறுபடியும்' என்கிறவரை என்ன செய்வது?

எதைச் செய்வதற்கு முன்னாலும் எழுத வேண்டும். துணி எத்தனை கிராம், தண்ணீர் எத்தனை லிட்டர், சாயம் எவ்வளவு என்று. சாயத்தைச் சிட்டிகைக் கணக்கில் எழுதினால் நோட்டு திரும்பி வந்துவிடும். சிட்டிகை கூடாது, கிராம்தான். துணி காய்ந்துவிட்டதா என்று பார்க்க, அதன் ஓரத்தை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பார். விரலுக்குத் தெரியாத ஈரம் கன்னத்துக்குத் தெரியும் என்பார். வகுப்பு முடிகிற நேரத்தில் அவர் கன்னத்தில் நாலைந்து கலர் இருக்கும். அதைச் சொல்ல எங்களில் யாருக்கும் தைரியம் வராது. அப்படியே பஸ் ஏறிப் போய்விடுவார்.

பட்டு ஓவியத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணியை மரச் சட்டத்தில் விறைப்பாக இழுத்து ஊசி குத்த வேண்டும். பென்சிலால் படம் போட்டு, அந்தக் கோட்டின் மேல் மெல்லிய மூக்கு வைத்த குப்பியால் பசை இழுக்க வேண்டும். பசைக் கோடு வரப்பு என்றால், சாயம் வாய்க்கால் தண்ணீர். வரப்பில் எறும்பு நுழைகிற ஓட்டை இருந்தாலும் போதும், மயிலின் நீலம் மாங்காய்க்குள் போய்விடும். வரைந்து காய்ந்த பிறகு துணியை ஆவியில் அவிக்க வேண்டும். அப்போதுதான் சாயம் பட்டில் நிரந்தரமாகப் பிடிக்கும். அவிப்பதற்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டாலும் எல்லாம் கரைந்து ஓடிவிடும். அவித்த பிறகு பிடித்த சாயத்தை யாராலும் எடுக்க முடியாது. இந்த இரண்டு விஷயத்தை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்தது முழுக்க இதில்தான் இருக்கிறது.

முதல் மாதம் நான் வாங்கிய பாடம் ஒன்று உண்டு. எங்கள் ஊர் போர் தண்ணீர் பாறைக்கு அடியிலிருந்து வருவது, அவ்வளவும் உப்பு. அதில் சாயம் காய்ச்சினால் துணி முழுக்கத் தேமல் விழுந்த மாதிரி ஆகிவிடும். அதனால் குடிதண்ணீர்க் குழாயில்தான் பிடிக்க வேண்டும் என்பது மேடத்தின் சட்டம். ஒருநாள் குழாயில் தண்ணீர் வரவில்லை. நான் யாருக்கும் தெரியாமல் போர் தண்ணீரை ஊற்றிவிட்டேன். துணி தேமலோடு வந்தது.

"அக்கா, எந்தத் தண்ணி?" என்று கேட்டார் மேடம்.

"கொழா தண்ணிதான் மேடம்" என்றேன், கண்ணைச் சிமிட்டாமல்.

அவர் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை எடுத்து, சோப்பைக் கையில் வைத்துத் தேய்த்தார். தேய்க்கிறார், தேய்க்கிறார், ஒரு பொட்டு நுரை வரவில்லை. என் முகத்துக்கு நேராகச் சோப்பைக் காட்டி, "சோப்பு வேற மாதிரி சொல்லுதே அக்கா" என்றார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன், வேறு என்ன செய்வது? அன்றைக்கு நாலு தடவை 'மறுபடியும்' வாங்கினேன்.

அதற்குப் பிறகு மூன்று வருடம் அவருக்கு உதவியாளர். காஞ்சிபுரத்தில் கொஞ்ச நாள் பயிற்சி. திரும்பி வந்ததும் என்னையும் பயிற்றுநர் ஆக்கிவிட்டார்கள். என் கையைப் பார்த்தாலே அந்த வாரம் மையத்தில் என்ன கலர் என்று ஊருக்குத் தெரியும். ஒரு கல்யாணப் பந்தியில் நான் கை நீட்டியதும், பரிமாற வந்தவர் சாம்பார் வாளியோடு இரண்டடி பின்னால் போய்விட்டார். "தொத்து வியாதி இல்லீங்க, இது பச்சை நம்பர் ரெண்டு" என்றேன். அவருக்கு அதுவும் ஒரு வியாதியின் பெயர் போலத்தான் கேட்டிருக்கும்.

பயிற்றுநர் ஆனதும் எனக்கு ஒரு பெருமை வந்தது. சாயம் காய்ச்சுகிற சூட்டுக்கு மேடம், "எண்பத்தஞ்சு டிகிரி" என்பார். வந்து உட்கார்ந்திருக்கிற பெண்கள் விழிப்பார்கள். நான் குறுக்கே புகுந்து, "ரசம் நுரை கட்டும் இல்ல, கொதிக்க விடாம இறக்குவோமே, அந்தப் பதம்" என்பேன். உடனே எல்லோர் முகமும் மலர்ந்துவிடும். "வினிகர் கடைசிலதான். ரசத்துக்குக் கொத்தமல்லி போடற மாதிரி." "சாயத்த நேரா கொட்டாதீங்க, பெருங்காயம் மாதிரி கொஞ்சம் தண்ணில கரைச்சிக்கினு ஊத்துங்க." இப்படியே பாடம் முழுவதையும் அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டேன். "நீங்க சொன்னாத்தான் டீச்சர் மண்டையில ஏறுது" என்று அவர்கள் சொல்லச் சொல்ல எனக்குத் தலைகால் புரியவில்லை.

மேடம் ஒருநாள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்: "அக்கா, நல்லா இருக்கு. ஆனா ரசம்னு நீங்க சொன்னா, அவங்க நுரைய மட்டுமா எடுத்துக்குவாங்க? ரசத்துல அவங்களுக்குப் பழக்கமான எல்லாத்தையும் சேத்து எடுத்துக்குவாங்க. பாத்துக்கோங்க."

தலையை ஆட்டிவிட்டு வந்தேன். பொறாமை என்றுதான் நினைத்தேன். இப்போது எழுதும்போதுகூட வெட்கமாக இருக்கிறது.

அந்தச் சமயத்தில்தான் பச்சையம்மாக்கா வகுப்பில் சேர்ந்தார். சிங்கவரத்துக்காரர். நாற்பத்து நாலு வயது. வயல் வேலையை முடித்துவிட்டு சைக்கிளில் வருவார். பேச்சு குறைவு, சிரிப்பு பெரிசு. எல்லோரும் தாமரையும் மயிலும் வரைந்துகொண்டிருந்தபோது, அவர் மட்டும் மல்லாட்டைச் செடி வரைந்தார். எங்கள் பக்கத்தில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மேலே இலை, நடுவில் சின்ன மஞ்சள் பூ, கீழே மண்ணுக்குள் காய் தொங்குகிற வேர்.

"ஏன்கா, தாமரை போடலியா?" என்று கேட்டேன்.

"தாமரைய நான் எங்க டீச்சர் கிட்டப் போயி பாத்தேன்? மல்லாட்டைன்னா கண்ண மூடிக்கினு போடுவேன்" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், அப்படி ஒரு கையை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. அந்த இலைகள் காற்றில் அசைகிற மாதிரியே இருக்கும்.

ஒருநாள் அவர் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னார். அவர் வீட்டுக்காரரின் தங்கை கோதாவரி, அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டவள். இரண்டு குடும்பத்துக்கும் ஆறு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. கோதாவரியின் சின்னப் பையனுக்குக் காதுகுத்து நடந்தது. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும். பச்சையம்மாக்காவும் அவர் வீட்டுக்காரரும் வந்த பஸ் நடுவழியில் நின்றுவிட்டது. இவர்கள் போய்ச் சேர்வதற்குள், நல்ல நேரம் போகிறதென்று பையனை வேறொரு பங்காளி மடியில் உட்கார வைத்துக் குத்திவிட்டார்கள். தாய்மாமன் வாசலில் நின்று அதைப் பார்த்துவிட்டு, சாப்பிடாமல் திரும்பிவிட்டார். கோதாவரி, "இனிமே இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்று பின்னாலிருந்து கத்தினாளாம். அவ்வளவுதான், ஆறு வருடம்.

இப்போது கோதாவரியின் மகள் ரேவதிக்கு நிச்சயதார்த்தம் வைத்திருந்தார்கள். தாய்மாமன் வீட்டிலிருந்து சீர்ப் புடவை வர வேண்டும். ரேவதி அம்மாவுக்குத் தெரியாமல் போன் செய்து, "அத்தை, நீங்க வரையறீங்களாமே, அந்தப் புடவைதான் எனக்கு வேணும். வேற எதுவும் வேணாம்" என்று கேட்டிருக்கிறாள். விஷயம் தெரிந்ததும் கோதாவரி, "நானாக் கூப்புட மாட்டேன். கொண்டாந்தா வாங்கிக்கிறேன்" என்று சொல்லியனுப்பிவிட்டாள். ஆறு வருடத்தில் அந்த வீட்டிலிருந்து வந்த முதல் வார்த்தை அது.

பச்சையம்மாக்கா சந்தன நிறத்தில் வெறும் பட்டுப் புடவை எடுத்துக்கொண்டு வந்தார். மூன்று வாரம் வரைந்தார். கரை முழுக்க மல்லாட்டைக் கொடி. முந்தானையில் செடிகள் வரிசை வரிசையாக. வகுப்பில் மற்றவர்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அவரைச் சுற்றி நிற்பார்கள். மேடம்கூட அவரிடம் ஒரு தடவையும் 'மறுபடியும்' சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். திங்கட்கிழமை அவிக்க வேண்டும். அன்றைக்கு மேடம் விழுப்புரத்தில் ஒரு கூட்டத்துக்குப் போய்விட்டார். நான்தான் பொறுப்பு.

அவிக்கிற முறை இதுதான். புடவையை அச்சடிக்காத வெள்ளைத் தாளோடு சேர்த்துச் சுருட்ட வேண்டும், துணியோடு துணி தொடக் கூடாது. அந்தச் சுருளை நன்றாகக் காய்ந்த தடித்த துணியில் பொதிந்து கட்ட வேண்டும். பெரிய இட்லிக் குண்டானில் அடியில் தண்ணீர், மேலே தட்டு, தட்டில் துணி, அதன்மேல் சுருள். மூடியிலிருந்து வியர்வை சொட்டாமல் இருக்க மூடிக்கு அடியிலும் ஒரு துணி. ஒன்றரை மணி நேரம். நானும் பச்சையம்மாக்காவும் சேர்ந்து சுருட்டினோம். அதற்குள் மொட்டை மாடியில் காற்று தூக்கி, காயப்போட்டிருந்த துணிகள் பறக்கின்றன என்று சத்தம் கேட்டது. ராஜகிரி மலைப் பக்கமிருந்து காற்று திரும்பினால் அப்படித்தான், கொடியோடு கொண்டுபோய்விடும்.

நான் மாடிப்படி ஏறிக்கொண்டே சொன்னேன்: "ஒண்ணும் கஷ்டமில்லக்கா. இட்லி அவிக்கிற மாதிரிதான். தட்டுல துணி போட்டு, சுருளப் பொதிஞ்சி வச்சி, மூடிடுங்க."

இட்லி அவிக்கிற மாதிரி. இந்த ஊரில் எந்தப் பெண்ணாவது இட்லித் துணியைக் காயவைத்துப் போட்டிருப்பாளா? நனைத்து, பிழிந்து, உதறித்தான் தட்டில் விரிப்போம். பிறந்ததிலிருந்து பார்த்த வழக்கம். பச்சையம்மாக்காவும் அப்படியே செய்தார். தட்டுத் துணியை மட்டுமல்ல, சுருளைப் பொதிகிற துணியையும் நனைத்துவிட்டார்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்தோம். சுருளைப் பிரித்தோம். முந்தானைதான் சுருளின் வெளிப்பக்கம். பச்சை மஞ்சளுக்குள் ஓடி, பழுப்பு பச்சைக்குள் ஓடி, செடிகள் இருந்த இடத்தில் பாசி பிடித்த மாதிரித் திட்டுகள். உள்ளே போகப் போக அதே திட்டு கொஞ்சம் கொஞ்சமாக மங்கிக்கொண்டே போனது. முந்தானை முழுக்கப் போய்விட்டது. உள்பக்கம் சுருண்டிருந்த உடலும் கரையும் மட்டும் தப்பித்திருந்தன.

"யாராவது துணிய நனைப்பாங்களாக்கா?" என்று கத்திவிட்டேன். ஆமாம், கத்தினேன். மாடிவரை கேட்டது.

பச்சையம்மாக்கா அழவில்லை. முந்தானையையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நல்லாப் பிழிஞ்சிதானே டீச்சர் போட்டேன்."

இன்றைக்கும் அந்தக் குரல் எனக்குக் கேட்கிறது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் மேடம் வந்தார். புடவையைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார். "அக்கா, நோட்டு எடுங்க. என்ன நடந்துச்சோ வரிசையா எழுதுங்க" என்றார்.

'பச்சையம்மா துணியை நனைத்துவிட்டார்' என்று எழுதிக் காட்டினேன்.

"ஏன் நனைச்சாங்க?" என்றார்.

அந்த வரியை அடித்தேன். 'இட்லி அவிப்பது போல என்று நான் சொன்னேன். காய்ந்த துணி என்று சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கவில்லை' என்று எழுதினேன். அவர் வாங்கிப் படித்துவிட்டு, "சரி. இப்ப என்ன பண்ணலாம்னு பாப்போம்" என்றார். 'நான் அன்னிக்கே சொன்னேன் இல்ல' என்று ஒரு வார்த்தை? இல்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லாமல் விட்டதற்காகவே அவர் காலில் விழலாம்.

ஓடின சாயமும் அவிந்து பிடித்துவிட்டதால், துவைத்து எடுக்க வழியில்லை. மேலே அடர்த்தியான சாயம் ஏற்றித்தான் மறைக்க வேண்டும். புடவை முழுவதையும் அரக்கு நிறத்தில் முக்கினால் கறை தெரியாது, மல்லாட்டையும் தெரியாது. முந்தானையை மட்டும் முக்கினால் கரையில் இருக்கிற கொடி பிழைக்கும். ஆனால் எல்லை தாண்டிச் சாயம் ஏறினால் உள்ளதும் போச்சு.

"எத வேணா பண்ணுங்க மேடம்" என்றார் பச்சையம்மாக்கா. "ஆனா கறைய மறச்சி எடுத்தாந்தான்னு நாத்தனாருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான். நல்ல காரியத்துக்குக் கறபட்ட புடவைய வேணும்னே குடுத்தான்னு சொல்லுவா. நாங்க போவல. வுட்டுடுங்க."

போகவில்லையா! என் வாயால் ஒரு குடும்பம் இன்னும் ஆறு வருடம் பேசாமல் இருக்க வேண்டுமா? "நான் போய்ச் சொல்றேன்கா. தப்பு என்னுது" என்றேன்.

மறுநாள் காலை அனந்தபுரம் பஸ் ஏறினோம். பச்சையம்மாக்கா இறங்கியதும் நிழற்குடையில் உட்கார்ந்துவிட்டார். அதற்குமேல் ஒரு அடி வைக்க மாட்டேன் என்றார். நான் மட்டும் புடவைப் பையோடு கோதாவரி வீட்டுக்குப் போனேன்.

கோதாவரி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நல்ல உயரம், கணீரென்ற குரல். நான் யார் என்று சொல்லி, புடவையை விரித்துக் காட்டி, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவள் முறத்தை வைத்துவிட்டு முந்தானையைப் பார்த்தாள். பிறகு கரையைத் தடவிப் பார்த்தாள்.

"அந்தம்மா எங்க?" என்றாள் கடைசியில்.

"பஸ் ஸ்டாப்புல."

"இன்னா, கால் ஒடஞ்சி போச்சா? வாயி இல்லியா?" என்றவள், நான் பதில் சொல்வதற்குள் படியிறங்கி நடந்தாள். நான் புடவையை வாரிச் சுருட்டிக்கொண்டு பின்னால் ஓடினேன்.

நிழற்குடையில் பஸ்ஸுக்காகப் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னாலும் ஆரம்பித்தது.

"டீச்சர தூது அனுப்பிச்சிட்டு நீ இங்க குந்திக்கினு இருக்கியா?"

"வாசப்படிய மிதிக்காதன்னு நீதான சொன்ன?"

"கோவத்துல ஒரு வார்த்த சொன்னா, ஆறு வருசமா அதையே புடிச்சிக்கினு இருப்பியா?"

"பஸ்ஸு பிரேக்டவுன் ஆனா நாங்க இன்னா பண்ணுவோம்? உங்கண்ணன் பாதி தூரம் ஓடியே வந்தாரு, தெரியுமா உனக்கு? செருப்பு அறுந்து, வெறுங்காலோட ஓடியாந்தாரு!"

கோதாவரி நின்றுவிட்டாள். "ஓடியாந்துச்சா?" என்றாள். "எனக்கு யாரும் சொல்லவே இல்லியே."

"நீ எங்க கேட்ட?"

"எங்க மாமனாரு நல்ல நேரம் போவுது, நல்ல நேரம் போவுதுன்னு குதிக்கிறாரு. நான் வாசலயே பாத்துக்கினு நிக்கறேன். புள்ள அழுவுது. நான் இன்னா அண்ணி பண்ணுவேன்?"

செஞ்சி பஸ் வந்து நின்றது. ஒருவர்கூட ஏறவில்லை. கண்டக்டர் விசில் கொடுத்துப் பார்த்துவிட்டு, அவரும் இறங்கி நின்று வேடிக்கை பார்த்தார். இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார்கள். யாரோ பாத்திரம் திருப்பித் தராதது, யாரோ கும்பிடு போடாதது, ஆறு வருடக் கணக்கு எல்லாம் வந்தது. கத்திக் கத்தி ஓய்ந்து, இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

கோதாவரி மூக்கைச் சிந்திவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டாள்: "முந்தானையில இன்னா கலரு போடப் போறீங்க?"

"அரக்கு."

"அரக்கு ரேவதிக்கு நல்லாத்தான் இருக்கும்" என்றாள்.

புதன்கிழமை கோதாவரியும் வகுப்புக்கு வந்துவிட்டாள். அழைக்காமலேதான். மேடம் முதலில் அதே கறையை ஒரு துண்டுப் பட்டில் உண்டாக்கி, அரக்கில் முக்கிப் பார்த்தார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவை திருப்தியானது. பிறகு புடவையின் உடலையும் கரையையும் பிளாஸ்டிக் தாளில் பொதிந்து, எல்லைக் கோட்டில் நூலால் இறுக்கிக் கட்டினோம். முந்தானை மட்டும் வெளியே தொங்கியது. பொதிந்த பகுதியை ஒரு கம்பில் சுற்றி, சாயப் பானைக்கு மேலே ஆளுக்கொரு பக்கம் பிடிக்க வேண்டும். நாற்பது நிமிடம். அந்தச் சூட்டிலேயே சாயம் பிடித்துவிடும், மறுபடி அவிக்க வேண்டியதில்லை. கீழே இறங்கினால் எல்லை தாண்டிவிடும், மேலே தூக்கினால் கறை தெரியும். லேசாக அசைத்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

"நாங்க புடிக்கிறோம்" என்றாள் கோதாவரி.

பானைக்கு அந்தப் பக்கம் நாத்தனார், இந்தப் பக்கம் அண்ணி. நகரவும் முடியாது, கையை விடவும் முடியாது. முதல் பத்து நிமிடம் இருவரும் சாயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் கோதாவரி, மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த அன்றைக்கு அவள் வீட்டு ஆடு பஜ்ஜித் தட்டில் வாய் வைத்த கதையை ஆரம்பித்தாள். பச்சையம்மாக்கா சிரிக்க, கம்பு ஆட, நான் பதறி, "அக்கா! சிரிக்காதீங்க! எல்லை போயிடும்!" என்று கத்தினேன். நான் கத்தக் கத்த அவர்களுக்குச் சிரிப்பு கூடியது. நானே கம்பின் நடுவைப் பிடித்துக்கொண்டேன். நெற்றியிலிருந்து வியர்வை பானைக்குள் விழாமல் மேடம் எங்கள் மூன்று பேருக்கும் மாறி மாறித் துண்டால் முகம் துடைத்துவிட்டார்.

கட்டுப் பிரித்துப் பார்த்தோம். முந்தானை அடர்ந்த அரக்கு. கறை இருந்த சுவடே இல்லை. எல்லைக் கோடு நேராக நின்றிருந்தது, ஒரே ஓர் இடத்தில் மட்டும் ஒரு விரற்கடை அளவு மேலே ஏறியிருந்தது. மேடம் குனிந்து பார்த்தார். அந்தச் சொல் வரப் போகிறது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். "இருக்கட்டும்" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை அன்றைக்குத்தான் முதலில் கேட்டேன்.

பிறகு அலசினோம், குழாய்த் தண்ணீரில்தான். முதல் தண்ணீர் சிவப்பாக வந்தது, இரண்டாவது லேசான ரோஸ், மூன்றாவது தெளிந்த தண்ணீர். வெள்ளை பேசினில் ஊற்றி வெயிலில் வைத்துப் பார்த்தோம். ஒரு சொட்டுச் சாயம் இல்லை.

வெள்ளிக்கிழமை அனந்தபுரத்தில் வாசலை அடைத்துப் பந்தல். எனக்கும் மேடத்துக்கும் அழைப்பு. தாய்மாமன் சீர்த்தட்டோடு புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வந்தார். தட்டை வாங்கும்போது கோதாவரி அண்ணன் முகத்தைப் பார்க்காமல், "சாப்பிட்டுத்தான் போவணும்" என்றாள். அவர் தலையை ஆட்டினார்.

ரேவதி புடவையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். சந்தன நிறத்தில் பச்சைக் கொடி, தோளில் அரக்கு முந்தானை. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். "இது மல்லாட்டச் செடிதான?" என்று ஒருத்தி வாய்விட்டுக் கேட்டாள். பச்சையம்மாக்காவைக் காணோம். பார்த்தால் பந்தல் கம்பத்துக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு நிற்கிறார்.

கோதாவரி அத்தனை பேர் நடுவிலும் குரல் கொடுத்தாள்: "அண்ணி! அங்க இன்னா பண்ற? இத வரஞ்சது நீதான? வந்து பொண்ணு பக்கத்துல நில்லு!"

பச்சையம்மாக்கா தலையைக் குனிந்துகொண்டே போனார். ரேவதி அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். தூக்கி நிறுத்தி அணைத்துக்கொண்டவர், அந்தப் பெண்ணின் தோளில் முகத்தை வைத்தபடி அப்படியே உடைந்துவிட்டார். கறையைப் பார்த்தபோது அழாதவர், நிழற்குடையில் அழாதவர், குலுங்கிக் குலுங்கி அழுதார். திடீரென்று விறுக்கென முகத்தை எடுத்தார். முந்தானையைக் கையில் பிடித்துப் பார்த்தார். அரக்கு நிறத்தில் ஈரம் திட்டாகத் தெரிந்தது. முகம் வெளுத்துப்போய், கூட்டத்துக்கு மேலே எட்டி என்னைத் தேடினார்.

"டீச்சர்! கண்ணுத் தண்ணி பட்டுடுச்சு! சாயம் ஓடிடுமா?"

பந்தலே திரும்பி என்னைப் பார்த்தது.

"மூணு தண்ணி அலசியாச்சுக்கா! ஓடாது!" என்று இங்கிருந்தே கத்தினேன். "நீங்க நல்லா அழுங்க!"